அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே வந்த பயணம்

கார் பயணம் என்றால் அம்மா முதல் நாள் இரவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவாள். சர்க்கரை, முழங்கால் வலி இரண்டும் உள்ளவளுக்கு வழியில் பாத்ரூம் போவது பெரிய பாடு. காரிலிருந்து மெல்ல இறங்கி, பெட்ரோல் பங்க் கடைக்குள் அந்தக் கோடி வரை நடந்து, வரிசையில் நின்று, ஈரத் தரையில் வழுக்காமல் போய் வரவேண்டும். "எனக்கு வேண்டாம், நீங்க குடிங்க" என்று பாட்டிலை எங்கள் பக்கமே தள்ளிவிடுவாள். போன முறை வந்திருந்தபோது ஹூஸ்டன் மீனாட்சி கோயிலுக்குப் போய்த் திரும்பிய இரவு உதடு வெடித்து, தலை சுற்றிப் படுத்தவளைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். இனிமேல் அம்மாவை இப்படி அழைத்துப் போகக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

2024 ஏப்ரல் 8 அன்று நாங்கள் இருக்கும் டாலஸில் முழு சூரிய கிரகணம். அதைப் பார்க்கத் தோதாக அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து மார்ச்சிலேயே வந்துவிட்டார்கள். கிரகணம் முடிந்ததும் அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகவேண்டும். விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் அப்பா பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்து ஓய்வு பெற்றவர். "மேலேருந்து மேகத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? தரையைக் காட்டுடா" என்றார். இருவரையும் திருப்திப்படுத்த ஒரே வழி ஆர்.வி. என்ற நடமாடும் வீட்டு வண்டிதான்.

வாடகைக்கு எடுத்தது 'கிளாஸ் சி' வகை. முன்பக்கம் வேன் முகம், ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் அடுப்பு, ஃபிரிட்ஜ், மேசை, பாத்ரூம், கடைசியில் அப்பா அம்மாவுக்குக் கட்டில். 25 அடி நீளம். ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் ஆகவேண்டும், எழுந்து நடக்கக்கூடாது. ஆனால் அம்மா "தம்பி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அடுத்த எக்ஸிட்டில் ஏதாவது ஒரு வாகன நிறுத்தத்தில் ஓரம் கட்டிவிடுவோம். இறங்க வேண்டாம், நடக்க வேண்டாம். நாலு எட்டு வைத்தால் நம்முடைய சொந்த, சுத்தமான கழிப்பறை.

அந்தக் கழிப்பறையில் தண்ணீர் விட, கீழே காலால் மிதிக்கும் பெடல் ஒன்று உண்டு. பாதி அழுத்தினால் கிண்ணத்தில் தண்ணீர் நிறையும், முழுவதும் அழுத்தினால் அடியில் உள்ள மூடி திறந்து எல்லாம் தொட்டிக்குள் போய்விடும். முழங்கால் மடங்காத அம்மாவுக்கு அதை மிதிப்பது கஷ்டம். முதல் நாள் மதியமே அவளாகவே வழி கண்டுபிடித்துவிட்டாள்: ஒரு கையால் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியின் ரப்பர் நுனியைப் பெடலில் வைத்து ஊன்றினாள். 'டக்' என்று திறந்தது. வெளியே வந்தவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். என் மனைவி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இந்தச் செலவுக்கும் மெனக்கெடலுக்கும் அந்த டம்ளர் தண்ணீர் போதும் என்று இருந்தது எனக்கு.

டாலஸிலிருந்து அமரில்லோ சுமார் 365 மைல். டெக்சாஸின் அந்த வடக்கு மூலையில் வசந்த காலக் காற்று சும்மா விடாது. உயரமான வண்டியின் பக்கவாட்டில் காற்று மோதும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாலும் வண்டி அடுத்த லேனைத் தொடப் பார்க்கும். பக்கத்தில் லாரி கடக்கும்போது ஒரு இழுப்பு, கடந்ததும் ஒரு தள்ளல். மறுநாள் காலையும் பலத்த காற்று எச்சரிக்கை வந்ததால் அமரில்லோவிலேயே இன்னொரு இரவு தங்கினோம். ஊருக்கு வெளியே வயலில் பத்து காடிலாக் கார்களை மூக்கு மண்ணில் புதைய நட்டு வைத்திருக்கிறார்கள், 1974இல் செய்தது. யார் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம். மகன் ஒரு காரில் தாத்தா பெயரைத் தமிழில் எழுதினான். அப்பாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். எனக்கு அந்த இடம் பெரிதாகப் பிடிக்கவில்லை, தரையெல்லாம் காலி ஸ்பிரே டப்பா.

அமரில்லோவில்தான் தொட்டியைக் காலி செய்யும் வேலை வந்தது. ஆர்.வி.யில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீர், சிங்க்கிலும் குளியலிலும் போகும் சாம்பல் தண்ணீர், கழிப்பறைக்கான கருப்புத் தொட்டி. தடிமனான மடிப்புக் குழாயை வண்டியின் வாயிலும் தரையில் உள்ள துளையிலும் பொருத்தி, முதலில் கருப்பைத் திறக்கவேண்டும், அப்புறம்தான் சாம்பல். சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்தால் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். நான் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கியபோது அப்பாவும் பின்னாலேயே வந்தார். ஊரில் பாத்ரூம் பக்கெட்டைக்கூட இடம் மாற்றி வைக்காதவர் அவர். "நீங்க உள்ளே போங்கப்பா" என்றேன். "உங்கம்மா தண்ணி குடிக்கணும்னா இதை யாராவது செய்யணும்லா. எனக்கும் ஒரு கையுறை கொண்டா" என்று குழாயின் மறுமுனையைக் குனிந்து பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பயணம் முடியும் வரை அந்த வேலை எங்கள் இருவருடையது. என்னைத் தனியாகச் செய்ய அவர் விட்டதே இல்லை.

ஆல்புகர்க்கியில் மாமா மகள் இருக்கிறாள், எனக்கு மதினி முறை. அவள் தெருவில் வண்டியை நிறுத்த இடமில்லை. பக்கத்தில் ஒரு ஆர்.வி. பூங்காவில் விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனோம். அம்மாவைப் பார்த்ததும் "அத்தை" என்று கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். மாமா இறந்தபோது அவளால் ஊருக்குப் போக முடியவில்லை, கோவிட் சமயம். அம்மாதான் கூட இருந்து எல்லாம் பார்த்தவள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்த ஒரு வாரத்தை அம்மா ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னாள்: யார் வந்தார்கள், யார் எடுத்துச் செய்தார்கள், மாமா கடைசியாக என்ன கேட்டார். நாங்கள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டோம்.

மறுநாள் மதினி ஃபிரீசரிலிருந்து நியூ மெக்சிகோவின் பேர்போன பச்சை மிளகாயை எடுத்துக் கொடுத்தாள். சுட்டுத் தோலுரித்து வைத்தது. அம்மா அதில் புளியும் தேங்காயும் வைத்துத் துவையல் அரைத்தாள். வழி நெடுக தயிர் சாதத்துக்கு அதுதான். ஒரே ஒரு தடவை வண்டியில் மிளகாய் வற்றலைத் தாளித்ததில் புகை அலாரம் அலறி, பக்கத்து வண்டிக்காரர் தீயணைப்பு சிலிண்டரோடு ஓடிவந்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அன்றிலிருந்து தாளிப்பெல்லாம் வெளியே மேசையில், சின்ன கேஸ் அடுப்பில்.

அரிசோனாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத் தொல்லை. அந்த மாநிலம் கோடைக்காலத்துக்கு நேரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதி மாற்றுகிறது. நெடுஞ்சாலையோரம் கைபேசி ஒரு மணி நேரம் முன்னே போகும், பின்னே வரும். அம்மாவின் மாத்திரைக்கும் ஊசிக்கும் அப்பாவின் கைக்கடிகாரத்தை மட்டும் நம்பினோம்.

பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 28 மைல் சாலை, ஆர்.வி.யிலேயே முழுவதும் போகலாம். 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஆற்று மண்ணுக்குள் புதைந்த மரத்தில் நிலத்தடி நீரிலிருந்த சிலிக்கா ஏறி, மரத்தின் இடத்தைக் குவார்ட்ஸ் பிடித்துக்கொண்டது. இரும்பு கலந்த இடம் சிவப்பும் மஞ்சளும். ரம்பம் வைத்து அறுத்தது போல ஒரே சீராகத் துண்டாகியிருப்பதைப் பார்த்து மகன் "யார் வெட்டினது தாத்தா?" என்றான். குவார்ட்ஸ் வளையாது, நிலம் உயர்ந்தபோது சாக்பீஸ் ஒடிகிற மாதிரி குறுக்கே ஒடிந்துவிட்டது என்று அப்பா விளக்கினார். திருவக்கரைக்கும் சாத்தனூருக்கும் மாணவர்களை பஸ்ஸில் கூட்டிப் போய்க் கல்மரம் காட்டிய கதை, சாத்தனூர் மரம் 18 மீட்டர் நீளம் என்பதெல்லாம் அப்போது வந்தது. இங்கிருந்து ஒரு சின்னத் துண்டுகூட எடுக்கக்கூடாது. எடுத்துப் போனவர்கள் மனம் கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பிய கற்களும் உண்டு. எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாததால் அவற்றைப் பழைய இடத்தில் வைக்க முடியாது, தனியாகக் குவித்துவிடுகிறார்கள். அம்மா அந்தக் கடிதங்களை என்னைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அங்கிருந்து ஹோல்புரூக் தாண்டியதும் 'டமார்'. பின்பக்க இரட்டை டயரில் வெளிப்பக்கத்தது வெடித்துவிட்டது. உள் டயர் தாங்கியதால் வண்டி தடுமாறவில்லை. ஆனால் கழன்ற ரப்பர் பட்டை சுழன்று அடித்ததில் சாம்பல் தொட்டியின் வடிகுழாய் விரிசல் விட்டுவிட்டது. உதவிக்கு ஆள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். மெல்ல உருட்டி, சாலையை விட்டு நன்றாக விலகிய ஒரு இடத்தில் நிறுத்தினோம். காராக இருந்தால் வெயிலில் தவித்திருப்போம். இங்கே அப்பா கட்டிலில் சாய்ந்தார், அம்மா ரவை வறுத்தாள், நாங்கள் திரையை இழுத்துவிட்டு உப்புமா சாப்பிட்டோம்.

டயர் மாற்ற வந்தவர் நவஹோ இளைஞர். வேலையை ஆரம்பிக்கும் முன் என்னைக் கூப்பிட்டு, டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கத்தைக் காட்டினார். 1116. அதாவது 2016ஆம் வருடத்தின் 11ஆவது வாரம் தயாரானது. பட்டை பார்க்கப் புதிது மாதிரிதான் இருந்தது. ஆர்.வி. டயர்கள் ஓடித் தேய்வதில்லை, நின்று நின்று வெயிலில் வயதாகி உள்ளே விரிசல் விடுகின்றன, ஆறேழு வருடத்துக்கு மேல் நம்பாதீர்கள் என்றார். எட்டு வருடப் பழைய டயரில் வயதானவர்களையும் குழந்தையையும் அனுப்பிய வாடகை நிறுவனத்தை நினைத்து எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மற்ற டயர்களையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். இன்னொன்றும் அதே வயது, அதையும் மாற்றச் சொன்னேன். அம்மா கொடுத்த டீயை அவர் நின்றுகொண்டே குடித்துவிட்டு, இஞ்சி போட்டதா என்று கேட்டு இன்னொரு கப் வாங்கிக்கொண்டார். வடிகுழாயை வின்ஸ்லோவில் வாங்கிய ரப்பர் கப்ளிங்கும் இரண்டு கிளாம்ப்பும் போட்டு நானும் அப்பாவும் சரிசெய்தோம்.

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு சுமார் 7000 அடி உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேக வெகுநேரம் ஆகும். நாங்கள் தங்கிய மேதர் முகாமில் மின் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டருக்குக் காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரம் மட்டும். ஹீட்டர் ஓடுவது புரொப்பேனில் என்றாலும் அதன் விசிறிக்கு பேட்டரி வேண்டும். அந்தப் பழைய பேட்டரி நடுராத்திரியில் கைவிட்டது. வெளியே உறைபனி. எல்லோரும் பின்கட்டிலில் நெருக்கிப் படுத்து, இருந்த கம்பளி, ஜமுக்காளம், கோட்டு எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டோம். அம்மா கை சில்லிட்டிருந்தது. மனைவி விடியும் வரை அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்தருகே சக்கர நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து 'காலத்தின் பாதை'யில் நடந்தோம். தார் போட்ட நடைபாதை. ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்று அளந்து அடையாளம் பதித்திருக்கிறார்கள். கேன்யனிலிருந்து எடுத்து வந்த பாறைகள் அதனதன் வயதுக்கேற்ற இடத்தில் நிற்கின்றன, தொட்டுப் பார்க்கலாம். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்துக் கையிலேயே கணக்குப் போட்டார். அவருடைய 76 வயதுக்கு இந்தப் பாதையில் கிடைப்பது 0.076 மில்லிமீட்டர். "ஒரு முடி கனம்" என்று பேரனின் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடித்துக் காட்டினார். அவன் அடுத்த ஒரு மணி நேரமும் பார்க்கும் ஒவ்வொன்றையும் முடிக்கணக்கில் கேட்டுக்கொண்டே வந்தான். இவ்வளவு நல்ல புவியியல் வகுப்பை நான் என் பள்ளிநாட்களில்கூடப் பார்த்ததில்லை.

கேன்யனின் அடியில் தெரியும் கரும்பாறைக்குப் பெயர் விஷ்ணு சிஸ்ட், சுமார் 170 கோடி ஆண்டு வயது. உள்ளே நிற்கும் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று 1880களில் பெயர் வைத்தவர் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர். இதைச் சொன்னதும் அம்மா நாற்காலியை நிறுத்தச் சொல்லி, பாதையோரம் இருந்த விஷ்ணு சிஸ்ட் துண்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டெசர்ட் வியூவில் மேரி கோல்டர் என்ற கட்டிடக் கலைஞர் 1932இல் கட்டிய காவல் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினோம், காற்று தாங்கவில்லை.

சாண்ட்லரில் வெயில் வேறு மாதிரி. தங்கை வீட்டு வாசலில் பாலோ வெர்டே மரம் மஞ்சளாகப் பூத்து நின்றது. வண்டியை உள்ளே விடும்போது அதன் கிளை ஒன்று கூரையின் காற்று ஜன்னல் மூடியை உடைத்துவிட்டது. புதிது வாங்கிப் போடும் வரை குளியலறைத் தரையெல்லாம் மஞ்சள் பூ. வீட்டு பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்தால் ஏ.சி. போட்டதும் பிரேக்கர் விழுந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. தங்கை மாடியில் அருமையாக ஒரு அறையை அவர்களுக்குத் தயார் செய்திருந்தாள், புதுப் போர்வை, சுவரில் கல்யாணப் படம். அம்மா படிக்கட்டைப் பார்த்தாள். "நான் வண்டியிலேயே படுத்துக்கிடுதேன்மா" என்றாள். தங்கை முகம் வாடிவிட்டது. "என் வீட்டுக்கு வந்துட்டு வாசல்ல வண்டியில படுக்கியேம்மா, நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று சமையலறைக்குள் போய் அழுதாள். யார்மேலும் தப்பில்லை. வருஷக்கணக்காக அம்மா வரவேண்டும் என்று காத்திருந்தவள் அவள். ராத்திரியில் மூன்று தடவை எழுந்திருக்கும் அம்மாவுக்கு மாடிப்படி பயம், அதை மகளிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். நான் தங்கையிடம் தனியாக ஹூஸ்டன் கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது. அன்று மாலையே மாப்பிள்ளை கீழ்த்தளத்து ஆபீஸ் அறையிலிருந்து மேசையை எடுத்துவிட்டுக் கட்டிலை இறக்கிவிட்டார், பக்கத்திலேயே பாத்ரூம். வழியில் ஒரு இரவு விளக்கும் சுவரில் கைப்பிடிக் கம்பியும். ஆர்.வி.யில் அம்மா பிடித்துக்கொள்ளும் கம்பியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, அதே உயரத்தில் அடித்தார்.

குடியிருப்போர் சங்க விதிப்படி தெருவில் ஆர்.வி.யை வைத்திருக்கக்கூடாது, ஏற்றி இறக்க மட்டும்தான் அனுமதி. அதனால் மீதி நாட்கள் வண்டி மேசா பக்கம் ஒரு பூங்காவில் நின்றது. தங்கை மகள் அங்கே மேல்படுக்கையில் என் மகனோடு தூங்க அடம்பிடித்து வந்துவிட்டாள்.

திரும்பும்போது லாஸ் க்ரூசஸ் வழியாக வந்தோம். ஒயிட் சாண்ட்ஸில் மணல் ஜிப்சம், வெயிலிலும் சுடுவதில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். மற்றபடி நீண்ட சாலை, பெட்ரோல், தூக்கம். இந்த வண்டி ஒரு காலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் தரும், விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் செலவு கூடுதல்தான்.

அப்பா அம்மாவை இப்படி அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு: சாவி வாங்கும் முன் எல்லா டயரிலும் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள், வெளிப்பக்கம் இல்லையென்றால் உட்பக்கம் இருக்கும். பேட்டரியின் வயதையும் கேளுங்கள். வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிக்கொள்ளுங்கள். போகும் வீட்டில் கீழ்த்தளத்தில் படுக்கை உண்டா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்புறம், கழிப்பறைக்குள் பெற்றவர்களை ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். கம்பி கைக்கு எட்டவேண்டும், பெடல் காலுக்கோ தடிக்கோ எட்டவேண்டும். எட்டவில்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள்.